பார்வதி நடந்த இரவு: 'தேவதாஸ்' ஏட்டிலும் திரையிலும்

மக்கள் வழக்கில் சில இயற்பெயர்கள் காலப்போக்கில் பொதுப்பெயர்களாகி விடுகின்றன. சூழ்ச்சிக்காரனைச் சகுனி என்பதும், கோள்மூட்டுபவளைக் கூனி என்பதும், கலகக்காரனை நாரதர் என்பதும் காவியங்களும் புராணங்களும் தமிழுக்குத் தந்த கொடைகள். இவ்வரிசையில் இருபதாம் நூற்றாண்டு சேர்த்த பெயர் 'தேவதாஸ்'. காதலில் தோற்றுத் தாடி வளர்த்தவன் எவனும் தேவதாஸ். தோளில் ஒரு சால்வையும் கையில் ஒரு புட்டியும் இருந்துவிட்டால் ஐயமே இல்லை. நகைச்சுவைத் துணுக்கு எழுதுவோர் கூடவே ஒரு நாயையும் சேர்த்துக்கொள்வர். மூல நாவலைப் படித்திராதவரும் படத்தைப் பார்த்திராதவரும்கூட இச்சொல்லைத் தயக்கமின்றிப் பயன்படுத்துகின்றனர்.

வங்க நாவல் ஒன்றன் தலைவன் பெயர் தமிழ்த் தெருக்களில் இவ்வாறு உலவுவது நாவலால் நேர்ந்ததன்று, திரைப்படத்தால் நேர்ந்தது. அந்நாவலின் தலைவியாகிய பார்வதியின் பெயர் எதற்கும் பொதுப்பெயர் ஆகவில்லை என்பதும் உடன் எண்ணத்தக்கது. ஏட்டிலிருந்து திரைக்கு வந்த வழியில் கதையின் கனம் ஒருவர் தோளிலிருந்து மற்றவர் தோளுக்கு மாறியது. எங்கே, எவ்வாறு மாறியது என்பதைத் தேடிச் செல்லும்போது இந்தியத் திரைப்பட வரலாற்றின் ஒரு பெரும்பகுதியையே கடந்து செல்ல வேண்டியுள்ளது.

ஆசிரியர் விரும்பாத நாவல்

சரத்சந்திர சட்டோபாத்தியாயர் 1876ஆம் ஆண்டு வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்துத் தேவானந்தபூரில் பிறந்தார். வறுமை காரணமாகக் கல்லூரிப் படிப்பு நின்றது. 1903இல் பர்மா சென்று, இரங்கூனில் எழுத்தராகப் பணியாற்றி, 1916இல்தான் தாயகம் மீண்டார். 'தேவதாஸ்' அவர் பர்மா செல்வதற்கும் முன்னர், இருபதுகளின் தொடக்கத்தில் எழுதியது. கையெழுத்துப்படியாகவே பல ஆண்டுகள் கிடந்தது. புகழ் வந்த பின்னர் நண்பர்கள் அதனை அச்சிட முனைந்தபோது, வேண்டாம் என்று கடிதம் எழுதித் தடுத்தவர் சரத்சந்திரரே. இளமையில் எழுதிய அந்த ஆக்கம் குறித்து அவருக்குக் கூச்சம் இருந்தது. எனினும் 1917இல் அது நூலாக வெளிவந்தது. ஆசிரியர் ஒதுக்கிவைக்க விரும்பிய சிறுநாவலே அவர் பெயரை இந்தியாவெங்கும் கொண்டு சேர்த்தது என்பது இலக்கிய வரலாற்றில் காணும் விந்தைகளுள் ஒன்று.

கதை பலரும் அறிந்தது. ஆனால் திரை வழியாக அறிந்தவர்கள், ஏழை பணக்காரன் வேறுபாட்டால் பிரிந்த காதல் என்றே நினைவு வைத்திருப்பர். நாவல் அத்தனை எளிதன்று. தால்சோனாபூர் என்னும் சிற்றூரில் முகர்ஜி குடும்பமும் சக்கரவர்த்தி குடும்பமும் அண்டை வீட்டார். இரு குடும்பத்தாரும் அந்தணரே. ஆயினும் சக்கரவர்த்தி வீட்டார் பெண்ணைக் கொடுக்கும்போது பணம் வாங்கும் வழக்கமுடையோர். அதனால் வங்க அந்தணர் படிநிலையில் ஒரு படி தாழ்ந்தவர்களாக எண்ணப்பட்டனர். 'பெண் விற்கும் வீடு' என்பதும், பக்கத்து வீட்டிலேயே சம்பந்தம் செய்வதா என்பதும் முகர்ஜி வீட்டார் சொன்ன தடைகள். வரதட்சிணை வாங்குவது பெருமையாகவும் பெண்ணுக்குப் பணம் பெறுவது இழிவாகவும் கருதப்பட்ட சமுதாயத்தின் கணக்கு இது. எந்தத் திரைவடிவமும் இக்கணக்கைப் பார்வையாளருக்கு முழுமையாக விளக்க முற்பட்டதில்லை. செல்வ வேறுபாடு காட்டுவதற்கு எளிது. மாளிகை ஒன்றும் ஓட்டுவீடு ஒன்றும் போதும்.

இந்நிலையில் பதின்மூன்று வயதுப் பார்வதி ஒரு காரியம் செய்கின்றாள். வேறிடத்தில் மணம் உறுதியாகிவிட்டது. மணமகன் ஹாத்திபோதா ஊர் ஜமீன்தார் புவன் சௌதுரி, மனைவியை இழந்தவர், நாற்பது வயதினர், வளர்ந்த பிள்ளைகள் உடையவர். ஊர் உறங்கும் நள்ளிரவில் பார்வதி தன் வீட்டைவிட்டு வெளியேறி, காவலர் படுத்திருக்கும் முகர்ஜி மாளிகைக்குள் தனியே நடந்து, தேவதாசின் அறைக்குள் நுழைந்து அவனை எழுப்புகின்றாள். தனக்கு அவன் காலடியில் இடம் வேண்டும் என்று கேட்கின்றாள். விழித்தவனுக்கு முதலில் எழுவது அன்பன்று, அச்சம். யார் பார்த்தார்கள், நாளை என்ன பேசுவார்கள் என்பதே அவன் கேள்வி. அவளிடமோ அந்த அச்சம் இல்லை.

தமிழ் அகமரபில் பயின்றவர்களுக்கு இக்காட்சி தனிச்சுவை தருவதாகும். இரவுக்குறியில் வருபவன் தலைவன். ஆறும் காடும் கடந்து, விலங்குகளுக்கும் காவலர்க்கும் தப்பி அவன் வருகின்றான். அவன் வரும் வழியின் ஏதத்திற்குத் தலைவி அஞ்சுகின்றாள். மடலேறுதலும் ஆணுக்கே உரியது, பெண்ணுக்கு விலக்கப்பட்டது. தலைவனை நாடித் தலைவி தானே செல்வது அரிது. வெள்ளிவீதியார் அவ்வாறு அலைந்ததை ஔவையார் அகநானூற்றில் நினைவுகூர்வதே அந்த அருமைக்குச் சான்று. சரத்சந்திரர் இந்த இலக்கணத்தைத் தலைகீழாக்குகின்றார். இருளில் வழிநடந்தவள் பெண். உடன்போக்குக்கு ஆயத்தமாய் வந்தவளும் அவளே. 'ஏதம்' எண்ணி நடுங்கியவன் ஆண்.

பின்னர் நிகழ்வன எல்லாம் இந்த ஓர் இரவின் விளைவுகள். தேவதாஸ் தந்தையிடம் கேட்கின்றான்; தந்தை மறுக்கின்றார்; அவன் கல்கத்தாவுக்குப் போய்விடுகின்றான். அங்கிருந்து, தனக்கு அவள்மீது பெருங்காதல் இருந்ததாக நினைவில்லை என்னும் பொருள்பட ஒரு கடிதம் எழுதி அஞ்சலில் சேர்த்த கணமே வருந்தத் தொடங்குகின்றான். ஊர் திரும்பி நீர்த்துறையில் அவளைச் சந்தித்து இரந்தபோது, இப்போது மறுப்பவள் அவள். அவனுக்குப் பெற்றோர் இருப்பதுபோல் தனக்கும் உண்டு என்கின்றாள். அந்தச் செருக்கைப் பொறாமல் மீன்பிடிக்கும் தூண்டிற்கோலால் அவள் நெற்றியில் அடித்து வடு உண்டாக்குகின்றான் அவன். நாவலை நிதானமாகப் படிப்பவர்க்கு, தேவதாசின் குடி காதல் தோல்வியின் விளைவு என்பதைவிட, ஓர் இரவில் துணியாமற்போனதன் விளைவு என்றே தோன்றும். சரத்சந்திரர் அவனைப் போற்றவில்லை. முடிவில் வாசகரிடம் அவனுக்காக இரக்கம் மட்டுமே வேண்டுகின்றார்.

வங்கத் திரையில்

ஊமைப்பட நாளிலேயே, 1928இல், நரேஷ் மித்ரா இதனைப் படமாக்கினார். ஆயினும் 'தேவதாஸ்' திரைவரலாறு உண்மையில் 1935இல்தான் தொடங்குகின்றது. கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்துக்காகப் பி.சி. பரூவா வங்காளத்திலும் இந்தியிலும் இதனை இயக்கினார். பரூவா அசாமிலுள்ள கௌரிபூர் ஜமீன் குடும்பத்து இளவரசர். வங்கப்படத்தில் அவரே தேவதாஸ், ஜமுனா பார்வதி, சந்திராவதி தேவி சந்திரமுகி. இந்திப் படத்தில் கே.எல். சைகல் தேவதாசாக நடித்துப் பாடினார். உரத்துப் பேசும் நாடகமேடைப் பாணி ஓங்கியிருந்த நாளில், பரூவா தாழ்ந்த குரலில் இயல்பாகப் பேசி நடித்தது புதுமையாக விளங்கிற்று. ரயிலில் பிதற்றும் தேவதாசின் குரலையும், தொலைவில் தன் வீட்டில் இடறி விழும் பார்வதியையும் அடுத்தடுத்துக் காட்டிய படத்தொகுப்பை இன்றளவும் திரைக்கலை மாணாக்கர் எடுத்துப் பேசுகின்றனர்.

நாவலிலிருந்து திரைப்படம் விலகிய இடங்கள் மூன்று சுட்டத்தக்கவை. முதலாவது வயது. நாவலின் பார்வதி சிறுமி. திரையின் பார்வதி வளர்ந்த பெண். நாவல் வெளிவந்ததற்கும் இப்படத்திற்கும் இடையில், 1929இல், பெண்ணின் மணவயதைப் பதினான்காக வரையறுத்த சாரதா சட்டம் நிறைவேறியிருந்தது என்பதை இங்கு நினைக்கலாம். சட்டமே காரணம் என்று சொல்வதற்கில்லை. எனினும் பதின்மூன்று வயதுக் காதலியைத் திரையில் காணும் மனநிலையிலிருந்து சமுதாயம் நகரத் தொடங்கியிருந்தது.

இரண்டாவது பாட்டு. நாவலில் பாடுபவர்கள் வழியே போகும் வைணவப் பிச்சைக்காரப் பெண்கள். சிறுமி பார்வதி, தேவதாஸ் தன்னிடம் கொடுத்துவைத்த மூன்று ரூபாயையும் அவர்களுக்குத் தூக்கிக் கொடுத்துவிடும் நிகழ்ச்சி நூலின் மிக அழகிய பகுதிகளுள் ஒன்று. தேவதாஸ் பாடகன் அல்லன். அவனைப் பாடகனாக்கியது பேசும்படம். குறிப்பாகச் சைகலின் குரல். பாடுகின்ற துயரத்துக்கு மன்னிப்பு எளிதில் கிடைத்துவிடுகின்றது. பார்வதியின் நெற்றி வடு மறந்துபோகின்றது, பாட்டு நிற்கின்றது. கதையின் கனம் இடம்பெயர்ந்தது முதலில் இங்கேதான் எனலாம்.

மூன்றாவது கதவு. தேவதாஸ் பாண்டுவா ரயில் நிலையத்தில் இறங்கி, மாட்டுவண்டியில் ஹாத்திபோதா வந்து, பார்வதியின் வீட்டு வாயிலுக்கு வெளியே ஒரு மரத்தடியில் உயிர்விடுகின்றான். செய்தி அறிந்து ஓடுபவளை நாவலில் வீட்டார் பிடித்து நிறுத்துகின்றனர். திரையிலோ அவளுக்கெதிரே பெரிய வாயிற்கதவு மூடிக்கொள்கின்றது. பின்வந்த இயக்குநர்களும் அதனைக் கைவிடவில்லை. அவள் ஒருகாலத்தில் நள்ளிரவில் தானே திறந்து வெளியேறிய கதவும் உண்டு என்பதை, இந்தக் கதவைக் கண்டு கண்ணீர் விட்ட எத்தனைபேர் நினைத்திருப்பர்?

பரூவா 1951இலும் சைகல் 1947இலும் மறைந்தனர். இருவர் உடலையும் குடி அரித்திருந்தது. எனவே நடிகனும் பாத்திரமும் ஒன்று என்னும் எண்ணம் மக்கள் மனத்தில் வேரூன்றியது.

தமிழுக்கு வந்த தேவதாஸ்

தமிழில் முதல் 'தேவதாஸ்' 1937இல் பி.வி. ராவ் இயக்கத்தில் வெளிவந்தது. சைகல் தமிழில் பாடிய பாட்டுகளும் இம்முயற்சியோடு தொடர்புடையவை. பஞ்சாபியர் ஒருவர் வங்கக் கதைக்காகத் தமிழில் பாடிய விந்தை அந்நாளைய இசைத்தட்டுகளில் பதிவாகியுள்ளது. இதே காலத்தை அடுத்து வங்க நாவல்கள் தமிழில் வெள்ளமென வரலாயின. த.நா. குமாரசாமி, த.நா. சேனாபதி, அ.கி. ஜயராமன், ஆர். சண்முகசுந்தரம் போன்றோர் மொழிபெயர்ப்புகளால், சரத்சந்திரர் தமிழ் வாசகர்க்கு, குறிப்பாக வீட்டுக்குள் இருந்து படித்த பெண்களுக்கு, அயலார் அல்லர் என்னும் நிலை ஏற்பட்டது. ஆதலால் 1953இல் படம் வந்தபோது அரங்கிற்குச் சென்றவர்களுள் நூலை அறிந்தோரும் கணிசமாக இருந்தனர் என்று கொள்வதில் தவறில்லை.

அந்த 1953ஆம் ஆண்டுப் படமே தென்னாட்டின் தேவதாஸ். வினோதா பிக்சர்ஸ் சார்பில் டி.எல். நாராயணா தயாரிக்க, வேதாந்தம் ராகவையா தெலுங்கிலும் தமிழிலும் இயக்கினார். தெலுங்குப்படம் ஜூன் மாதத்திலும் தமிழ்ப்படம் செப்டம்பர் மாதத்திலும் வெளிவந்தன. அக்டோபர் முதல்நாள் ஆந்திரம் தனி மாநிலமாயிற்று. இரு மொழியாரும் ஒரே மாநிலத்தவராய் வாழ்ந்த காலத்தின் கடைசி மாதங்களில், ஒரே நடிகரைக் கொண்டு, ஒரே கதையில் இரு மொழியாரும் அழுதனர்.

ஏ. நாகேஸ்வர ராவ் அதுவரை பெரும்பாலும் நாட்டார்கதை வீரனாகவே அறியப்பட்டவர். மென்மையான உடலும் சொருகிய கண்களும் கொண்டு அவர் உருவாக்கிய தேவதாஸ் பரூவாவின் நகல் அன்று. இசையமைத்த சி.ஆர். சுப்பராமன் படம் முடிவதற்குள் 1952இல், முப்பது வயதும் நிறையாத நிலையில் காலமானார். அவருடைய உதவியாளர்களான விசுவநாதனும் இராமமூர்த்தியும் எஞ்சிய பணியை நிறைவு செய்தனர். தமிழ்ப்பாடல்களை உடுமலை நாராயணகவியும் கே.டி. சந்தானமும் எழுதினர். கண்டசாலாவின் தமிழில் தெலுங்கு வாடை உண்டு. இலக்கணம் அறிந்தோர் அதனைக் குறையாகச் சொல்லக்கூடும். ஆனால் உலகும் வாழ்வும் மாயம் என்று அந்தக் குரல் தளர்ந்து இழையும்போது எந்தத் தமிழரும் ஒலிப்பிழை பார்த்ததாகத் தெரியவில்லை. நாய் படுத்திருக்க, சால்வை சரிய அவன் பாடும் அக்காட்சியே பொதுப்பெயரான தேவதாசின் பிறப்பிடம். 1982இல் அப்பாட்டின் சொற்களைத் தலைப்பாகக் கொண்டே, கமலஹாசன் நடிப்பில் 'வாழ்வே மாயம்' என்ற தமிழ்ப்படம் வந்தது. அது நாகேஸ்வர ராவ் நடித்த 'பிரேமாபிஷேகம்' என்னும் 1981ஆம் ஆண்டுத் தெலுங்குப் படத்தின் மறுஆக்கம் என்பதும் ஒரு பொருத்தமே.

இன்னொரு செய்தி பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. அந்நாளில் சென்னை மாநிலம் முழுவதிலும் மதுவிலக்கு நடப்பில் இருந்தது. 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கி 1948இல் மாகாணம் எங்கும் விரிந்த சட்டம் அது. சேலத்தில் அதனைத் தொடங்கிய இராஜாஜியே 1953இலும் முதலமைச்சர். கடையில் கிடைக்காத பொருளைத் திரையில் கண்டனர் மக்கள். தீமையின் எச்சரிக்கையாகவே அக்குடி காட்டப்பட்டது. கதையும் அதற்கு இடம் தந்தது. ஆனால் எச்சரிக்கையாக வைத்தது எழிலாக மாறிற்று. விலக்கப்பட்ட புட்டியைச் சோகத்தின் சின்னமாக ஏந்திய கதாநாயகன், பின்வந்த எத்தனையோ தமிழ்ப்படத் தலைவர்களுக்கு வழிகாட்டினான். காதலி மறுத்தால் குடிப்பது ஆணின் உரிமை என்பதுபோன்ற ஓர் எண்ணம் பல தலைமுறை இளைஞரிடம் பரவியதற்குச் சரத்சந்திரர் பொறுப்பல்லர். அவர் எழுதிய கதையில் முதலில் மறுத்தவன் அவன்.

சாவித்திரி இப்படத்தில் நடித்தபோது இருபது வயது நிறையாதவர். நீர்த்துறையில் அவர் காட்டும் செருக்கு, அடிபட்ட நெற்றியோடு நிமிரும் பார்வை, ஜமீன்தார் வீட்டில் தன்னினும் மூத்த பிள்ளைகளுக்குத் தாயாகி நடக்கும் அமைதி ஆகியவற்றைக் கூர்ந்து பார்ப்போர், கண்டசாலாவின் பாட்டுக்கு அப்பால் இன்னொரு படம் ஓடிக்கொண்டிருப்பதை உணர்வர். சி.எஸ்.ஆர். ஆஞ்சநேயுலு ஏற்ற ஜமீன்தார் பாத்திரமும் கொடியவராக ஆக்கப்படாமல் கண்ணியத்தோடு அமைந்தது. அதனால் பார்வதியின் சிறை இன்னும் நுட்பமானதாகின்றது. திட்டுவதற்கு அங்கே எவரும் இல்லை.

அந்தச் சாவித்திரி, பிற்காலத்தில் பொருள் இழந்து, குடியால் உடல் நலிந்து, நெடுநாள் நினைவின்றிக் கிடந்து 1981இல் மறைந்தார். பரூவாவையும் சைகலையும் பற்றிப் பேசுவோர் 'தேவதாசாகவே வாழ்ந்தார்கள்' என்று உருகுவர். பார்வதியாக நடித்தவருக்கு அந்த உருக்கம் அத்தனை எளிதில் கிட்டவில்லை. 'விழுந்துவிட்டார்' என்றே நெடுங்காலம் பேசப்பட்டது.

இரு பெண்கள்

பரூவாவின் படத்தில் ஒளிப்பதிவில் பணியாற்றிய பிமல் ராய், 1955இல் தாமே இந்தியில் 'தேவதாஸ்' எடுத்தார். திலீப்குமார் தேவதாஸ், வங்கத்துச் சுசித்ரா சென் பார்வதி, சந்திரமுகியாக நடித்தவர் சென்னையிலிருந்து சென்ற வைஜயந்திமாலா. 1949இல் 'வாழ்க்கை' படத்தில் அறிமுகமான பரதநாட்டியக் கலைஞர் அவர். அப்பாத்திரத்திற்காகச் சிறந்த துணைநடிகை என்னும் பிலிம்ஃபேர் விருது அறிவிக்கப்பட்டபோது, தம்முடையது துணைப்பாத்திரம் அன்று, பார்வதிக்கு நிகரானது என்று கூறி அதனை ஏற்க மறுத்தார். விருதுகளுக்காக ஏங்கும் துறையில் இது சிறு செய்தியன்று. அந்த மறுப்பை ஒரு நடிகையின் தன்முனைப்பாக மட்டும் கொள்ளலாகாது. சந்திரமுகி நாவலில் உண்மையாகவே அத்தகையவள். தேவதாசுக்காகத் தொழிலையும் நகைகளையும் துறந்து சிற்றூரில் போய் வாழ்பவள். படித்து, ஆராய்ந்து, பாத்திரத்தின் அளவை அறிந்து சொன்ன தீர்ப்பாகவே அதனைக் கருத வேண்டும்.

நாவலில் பார்வதியும் சந்திரமுகியும் ஒருவரையொருவர் காண்பதே இல்லை. திரை இயக்குநர்களுக்கு இந்த இடைவெளி ஒரு கவர்ச்சி. 2002இல் சஞ்சய் லீலா பன்சாலி எடுத்த படத்தில் ஐஸ்வர்யா ராயும் மாதுரி தீட்சித்தும் அவ்விரு பெண்களாக ஒன்றாகவே நடனமாடுகின்றனர். அலங்காரமும் தாளமும் கண்ணைப் பறிக்கின்றன. ஜமீன் வீட்டு மருமகள் அவையில் ஆடுவாளா என்னும் கேள்வி அந்த ஒளியில் கரைந்துபோகின்றது.

பிமல் ராய் படத்திலும் இருவரும் சந்திக்கின்றனர். தேவதாசைத் தேடி வந்து அவனைக் காணாத சந்திரமுகி கிராமத்துச் சாலையில் கால்நடையாகப் போகின்றாள். எதிரே ஒரு பல்லக்கு வருகின்றது. உள்ளே பார்வதி. ஒருத்தி நிமிர்ந்து பார்க்கின்றாள். மற்றவள் திரையை விலக்கிப் பார்க்கின்றாள். பெயர் கேட்கவில்லை, ஒரு சொல்லும் பேசப்படவில்லை. பல்லக்குத் தூக்குவோர் நடை மாறாமல் கடந்து செல்கின்றனர். சந்திரமுகி சற்றே நின்று, பிறகு தன் வழியே நடக்கின்றாள்.